வண்டி நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் வரவில்லை

பழைய பிரிண்டரும் புது கம்ப்யூட்டரும்: சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



போன தீபாவளியை ஒட்டி நம் குடியிருப்பில் பல வீடுகளுக்குப் புது லேப்டாப் வந்தது. காரணம் உங்களுக்குத் தெரியும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் புதிது வாங்கினோம். வாங்கிய மறுவாரமே லிஃப்டிலும் வாக்கிங்கிலும் என்னிடம் வந்த கேள்வி ஒன்றுதான். "சார், லேப்டாப் நல்லா ஓடுது. ஆனா பிரிண்டர் போயிடுச்சு. புதுசுதான் வாங்கணுமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் ஏழெட்டு வீடுகளில் பிரிண்டர் போகவில்லை. பக்கத்து ஊர் நாமக்கல். லாரிக்காரர்கள் பாஷையில் சொன்னால், வண்டி நன்றாகத்தான் நிற்கிறது, டிரைவர்தான் வரவில்லை. சரியான டிரைவரை எங்கே பிடிப்பது, யாரிடம் சாவியைக் கொடுக்கவே கூடாது என்ற இரண்டையும்தான் இன்று பேசப் போகிறேன். இரண்டாவதுதான் முக்கியம். அதற்காகத்தான் செயலாளர் கேட்டதும் உடனே சரி என்றேன்.

பழசு ஓடுமா என்ற சந்தேகம் வேண்டாம்

நான் பி.காம். படித்தவன், இன்ஜினியர் இல்லை. ஆனால் பிரிண்டரோடு என் பழக்கம் நீண்டது. வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்த எங்கள் தலைமுறை கிளார்க்குகள் அப்போதுதான் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சத்தத்தைக் கேட்டோம். ரிப்பன் மாற்றுவது, ஓட்டை போட்ட காகிதத்தைப் பல்லில் மாட்டுவது, நடுவில் சிக்கினால் கிழியாமல் எடுப்பது எல்லாம் வேலையோடு கற்றுக்கொண்டவை. இன்றும் வங்கியில் உங்கள் பாஸ்புக்கில் வரவு செலவு பதிவாவது அதே ஊசி அடிக்கும் முறையில்தான். மடிப்போடு தடியாக இருக்கும் புத்தகத்தில் அடிக்க அதுதான் தோது.

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்குள் போய்ப் பாருங்கள். டாட் மேட்ரிக்ஸ் சத்தம் கேட்கும். சரக்கு அனுப்புபவருக்கு ஒரு காப்பி, பெறுபவருக்கு ஒரு காப்பி, வண்டியில் போக ஒரு காப்பி என்று கார்பன் வைத்து ஒரே அடியில் எடுக்க வேண்டும். லேசரும் இங்க்ஜெட்டும் காகிதத்தை அடிப்பதில்லை, அதனால் அவற்றில் கார்பன் காப்பி விழாது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் இ-வே பில் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி போய் 7, 10, 11 என்று வந்துகொண்டே இருக்கிறது. மேஜை மேல் இருக்கும் அந்தப் பிரிண்டர் அப்படியே இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரோடு பழைய பிரிண்டர் ஓடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

பிறகு ஏன் அடம் பிடிக்கிறது?

கம்ப்யூட்டர் பேசும் பாஷை வேறு, பிரிண்டர் பேசும் பாஷை வேறு. நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லும் சிறிய மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

பிரிண்டர்களின் பாஷைகளிலும் சில வகை உண்டு. எப்சன் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த எம்எக்ஸ்-80 என்ற டாட் மேட்ரிக்ஸ் பெரிய அளவில் விற்றது. அதன் கட்டளை மொழியையே மற்ற கம்பெனிகளும் பின்பற்றின. நம் ஊர்க் கடைகளில் பார்க்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்கும் எப்சன் பாஷை தெரியும். ஹெச்பி நிறுவனம் 1984-ல் முதல் லேசர்ஜெட்டைக் கொண்டுவந்தபோது பிசிஎல் என்ற தன் பாஷையோடு வந்தது. இப்படிப் பொதுப் பாஷை தெரிந்த பிரிண்டருக்கு டிரைவர் கிடைப்பது எளிது. அதன் சொந்த டிரைவர் இல்லாவிட்டாலும் அதே பாஷை தெரிந்த இன்னொரு டிரைவரை வைத்து ஓட்டிவிடலாம்.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. அதற்கென்று சொந்தப் பாஷை எதுவும் இல்லை. பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரே செய்து, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். விலை குறைவாக விற்பதற்காக அப்படிச் செய்தார்கள். நம் குடியிருப்பிலேயே நான்கு வீடுகளில் இருக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020 அந்த வகைதான். 12ஏ டோனரை ரீஃபில் செய்து செய்து ஓட்டுகிறோமே, அதே பிரிண்டர். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் அதன் மூளைக்கு வேண்டிய நிரலையே கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். கேனான் எல்பிபி 2900-ம் கம்ப்யூட்டரை நம்பி இருக்கும் பிரிண்டர்தான். இவற்றுக்கு அதற்கென்றே எழுதிய டிரைவர் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சிக்கல் லைசென்ஸ் மாதிரி. பழைய கம்ப்யூட்டர்களில் பல 32-பிட். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட் மட்டும்தான். காரோட்டும் லைசென்ஸை வைத்துக்கொண்டு பதினாறு சக்கர லாரியை எடுக்க முடியுமா? 2005-ல் பிரிண்டரோடு கொடுத்த சிடியில் இருப்பது பெரும்பாலும் 32-பிட் டிரைவர். அந்தச் சிடியைத் தேடி வீட்டைப் புரட்ட வேண்டாம். புது லேப்டாப்பில் சிடி போட இடமும் இல்லை.

கம்ப்யூட்டரைத் தொடும் முன் நான்கு வேலை

முதலாவது, பிரிண்டரைத் தனியாகச் சோதியுங்கள். கேபிளைக் கழற்றிவிடுங்கள். டாட் மேட்ரிக்ஸ் என்றால் லைன் ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்விட்ச் போட்டால் பெரும்பாலான மாடல்களில் தானாக ஒரு சோதனைப் பக்கம் அடிக்கும். ஸ்கேனரோடு சேர்ந்த ஆல்-இன்-ஒன் என்றால் கண்ணாடி மேல் ஒரு தாளை வைத்து ஜெராக்ஸ் பட்டனை அழுத்துங்கள். பக்கம் ஒழுங்காக வந்தால் இயந்திரம் நலம். வராவிட்டால் கோளாறு இயந்திரத்தில் இருக்கிறது; டிரைவரைத் தேடிப் பயனில்லை. 1020 போலப் பட்டனே இல்லாத பிரிண்டர் என்றால், பழைய கம்ப்யூட்டரை விற்பதற்கு முன்பே அதில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, கேபிள். பிரிண்டரின் பின்புறம் இருக்கும் சதுரமான ஓட்டைக்குப் போகும் யு.எஸ்.பி. கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். நாலு ஓட்டை உள்ள ஹப் வழியாகப் போட்டால் சில பழைய பிரிண்டர்களைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. டைப்-சி ஓட்டை மட்டும் உள்ள லேப்டாப் என்றால் அதற்கான சின்ன அடாப்டர் வாங்க வேண்டும். இன்னும் பழைய பிரிண்டர் என்றால் பின்னால் இரு பக்கமும் கிளிப் வைத்த அகலமான பேரலல் போர்ட் இருக்கும். யு.எஸ்.பி.யிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் கடைகளில் கிடைக்கிறது. பிரிண்டர் பக்கம் 36 பின் உள்ள முனையா என்று பார்த்து வாங்குங்கள். கம்ப்யூட்டர் பக்கத்துக்கான 25 பின் முனையை வாங்கிவிட்டால் மாட்டாது.

மூன்றாவது, உங்கள் லேப்டாப்பின் ஜாதகம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற பக்கத்தைத் திறங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஆர்ம் வகை சிப், அதாவது ஸ்னாப்டிராகன் போட்ட லேப்டாப் என்றால் சாதாரண 64-பிட் டிரைவர் அதில் ஓடாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பழைய மாடல்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. இனிமேல்தான் லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். அடுத்து, சில புது லேப்டாப்கள் 'எஸ் மோட்' என்ற கட்டுப்பாட்டோடு வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட் கடையில் இருப்பதைத் தவிர வேறு எதையும் நிறுவ முடியாது. கட்டணம் இல்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது.

நான்காவது, பிரிண்டரின் பின்புறம் அல்லது அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து மாடல் எண்ணை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினால் டிரைவரும் மாறும்.

டிரைவரைப் பிடிக்கும் வழி

கேபிளை மாட்டி, இன்டர்நெட்டும் இருக்கும்போது, செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய் 'ஆட் டிவைஸ்' அழுத்துங்கள். பல பிரிண்டர்களை விண்டோஸ் தானே அடையாளம் கண்டு டிரைவரை இறக்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

அங்கே பெயர் வரவில்லை என்றால் கையால் சேர்க்கும் வழி அதன் பக்கத்திலேயே இருக்கும். 'லோக்கல் பிரிண்டர், மேனுவல் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்தப் போர்ட் என்று கேட்கும்போது யு.எஸ்.பி. 001 என்று இருப்பதைக் காட்டுங்கள். பிறகு கம்பெனிகளின் பட்டியல் வரும். முதலில் அது சின்னதாக இருக்கும். அதே பெட்டியில் 'விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திவிட்டு எழுந்து போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பட்டியல் நீளமாகி, பழைய மாடல்கள் பலவற்றின் பெயர் வந்திருக்கும். இந்தப் பட்டனைப் பலர் கவனிப்பதே இல்லை.

அதிலும் இல்லாவிட்டால் பிரிண்டர் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் 'சப்போர்ட்' பகுதிக்குப் போய், எழுதிவைத்த மாடல் எண்ணைக் கொடுங்கள். விண்டோஸ் 11 என்று தனியாக இல்லாவிட்டாலும், விண்டோஸ் 10 64-பிட் என்று இருப்பது பெரும்பாலும் 11-லும் ஓடும். இறக்கிய கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, பிரிண்டர் மேலேயே செல்லோ டேப் வைத்து ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் மாறும்போது அந்தப் பக்கம் இணையத்தில் இருக்கும் என்று உறுதியில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் டிரைவரை ஏற்க மறுத்தால், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழ்ப் பகுதியில் 'விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் புது முறைப் பிரிண்டர்கள் மட்டும்தான் வேலை செய்யும், பழையவை காணாமல் போகும். அதை ஆஃப் செய்தால் சரியாகிவிடும்.

இப்படி ஒரு வசதியை ஏன் கொண்டுவந்தார்கள் என்று கேட்கலாம். 2021-ல் விண்டோஸின் பிரிண்ட் பகுதியில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. டிரைவர் என்ற பெயரில் கெட்ட நிரல் உள்ளே நுழைய அது வழி விட்டது. அதிலிருந்து மைக்ரோசாஃப்ட் கெடுபிடியைக் கூட்டிக்கொண்டே வருகிறது. 2026 ஜனவரி 15 முதல் பிரிண்டர் கம்பெனிகளின் புது டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டில் சேர்ப்பதை நிறுத்துவதாக முன்பே அறிவித்தது. ஏற்கெனவே இருப்பவை உடனே போய்விடாது. கம்பெனி தளத்திலிருந்து நாமே எடுத்து நிறுவவும் தடை இல்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. அதனால்தான் பென் டிரைவில் ஒரு காப்பி என்று வற்புறுத்துகிறேன்.

டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த டிரைவரும் கிடைக்காதபோது பட்டியலில் 'ஜெனரிக்' என்ற கம்பெனியின் கீழ் 'டெக்ஸ்ட் ஒன்லி' என்று இருப்பதைப் போட்டால் ஆங்கிலமும் எண்களும் வேகமாக அடிக்கும். தமிழ் வராது. அந்த முறையில் பிரிண்டர் தன் வயிற்றுக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டுமே அடிக்கும். அதில் தமிழ் எழுத்து இல்லை. தமிழில் ரசீது அடிக்க வேண்டும் என்றால் எழுத்தைப் படமாக அனுப்பத் தெரிந்த முழு டிரைவர் வேண்டும். எப்சன் பாஷைக்கான டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

ஆல்-இன்-ஒன்னில் பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் வரவில்லை என்று இரண்டு பேர் சொன்னீர்கள். ஸ்கேனருக்கு வேறு டிரைவர். கம்பெனி கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் பலவற்றை ஓட்ட 'வியூஸ்கேன்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்குக் காசு உண்டு, ஆனால் இலவசமாகச் சோதித்துப் பார்த்த பிறகு வாங்கலாம். நம் வேலைக்குப் பெரும்பாலும் செல்போனில் எடுக்கும் ஸ்கேனே போதும்.

டிரைவரே இல்லை என்றால்

அப்போதும் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, பழைய கம்ப்யூட்டரை விற்காமல் பிரிண்டருக்கென்றே வைத்துக்கொள்வது. பரிமாற்று விலை என்று கடைக்காரர் சொல்வது பெரிய தொகை இல்லை. அதன் இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிடுங்கள். பராமரிப்பு நின்ற விண்டோஸில் நெட் பேங்கிங் செய்வதுதான் ஆபத்து. பிரிண்ட் அடிக்க மட்டும் வைத்திருந்தால் அந்தக் கவலை பெரிதாக இல்லை. புது லேப்டாப்பில் தயாரானதை பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் எடுத்துவந்து அடிக்கலாம்.

இரண்டாவது, லினக்ஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' என்ற லினக்ஸும் அதில் இருந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். நம் வீட்டுப் பிள்ளைகளே அதைப் பார்த்திருக்கிறார்கள். லினக்ஸ் உலகில் பழைய பிரிண்டர்களுக்கான டிரைவர்களைத் தன்னார்வலர்கள் எழுதிப் பல ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். கம்பெனி கைவிட்ட பிரிண்டர் லினக்ஸில் ஓடுவது சாதாரணம். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி வீட்டு வைஃபையில் விட்டால், புது லேப்டாப்பிலிருந்தும் செல்போனிலிருந்தும்கூட அந்தப் பிரிண்டருக்கு அனுப்ப முடியும். நாமாகச் செய்வது கொஞ்சம் கஷ்டம். இன்ஜினியரிங் படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால் ஒரு நாள் விடுமுறைக்கு நல்ல வேலை.

சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்

இப்போது நான் இரண்டாவதாகச் சொல்ல வந்த விஷயம். இதற்கு மட்டும் முழுக் கவனம் கொடுங்கள்.

ராசிபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். புது லேப்டாப்பில் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டியது. கூகுளில் பிரிண்டரின் பெயரோடு ஹெல்ப்லைன் நம்பர் என்று தேடினார். முதலில் வந்த எண்ணுக்குப் போன் போட்டார். மரியாதையாகப் பேசினார்கள். கம்பெனி ஆள் என்றார்கள். தூரத்திலிருந்தே சரிசெய்து தருகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள் என்றார்கள். இறக்கினார். அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணைப் படித்துச் சொன்னார். அவ்வளவுதான். அவருடைய கம்ப்யூட்டர் திரை அவர்கள் கைக்குப் போய்விட்டது. சிவப்புக் குறிகள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, இதெல்லாம் வைரஸ் என்றார்கள். பதிவுக் கட்டணம் பத்தே ரூபாய், நெட் பேங்கிங்கில் கட்டுங்கள் என்றார்கள். பத்து ரூபாய்தானே என்று அவர் பாஸ்வேர்டு அடித்ததை அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வந்த ஓடிபியையும் அவரே படித்துச் சொன்னார். பிரிண்டருக்கு உண்மையில் வேண்டியிருந்தது இரண்டு நிமிட வேலை. போன தொகையை அவர் இன்றுவரை தன் மகனிடம் சொல்லவில்லை.

அந்தச் சிவப்புக் குறிகள் எந்த வைரஸும் இல்லை. என் லேப்டாப்பிலும் உங்கள் லேப்டாப்பிலும் இன்று திறந்தாலும் அவை இருக்கும். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு எழுதிவைத்துக்கொள்ளும் நாட்குறிப்பு அது.

இது புதிய வித்தையும் இல்லை. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, 'எனிடெஸ்க்' செயலியை இறக்கச் சொல்லிப் பணம் பறிப்பதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. அந்தச் செயலி கெட்டது இல்லை. நம் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து நமக்கு உதவுவதற்கும் அதே போன்ற செயலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். எதிர்முனையில் யார் என்பதுதான் கேள்வி. தெரியாத டிரைவரிடம் வண்டிச் சாவியோடு வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்ற காரியம் இது.

வங்கியில் இருந்தவன் என்ற முறையில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கொடுத்துப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போன நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போனால்தான் வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு இரவு தூங்கி எழுந்து மறுநாள் கிளைக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். நடந்தது தெரிந்த உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. தாமதமானால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

ஆகவே மூன்று கட்டுப்பாடு. உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். பிரிண்டர் பெட்டியிலோ, வாரண்டி அட்டையிலோ, கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள். 'இலவச டிரைவர்' என்று சொல்லும் மூன்றாம் ஆள் தளங்களில் எதையும் இறக்காதீர்கள். பிரிண்டர் சரியாக வேண்டும் என்பதற்காக எந்தக் காரணத்தைக் கொண்டும் நெட் பேங்கிங்கைத் திறக்காதீர்கள். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால், நேரில் வரும் மெக்கானிக்குக் கையில் கொடுங்கள்.

எப்போது விடை கொடுப்பது?

எல்லாப் பழசையும் காப்பாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் கிடந்து இங்க் காய்ந்துபோன இங்க்ஜெட்டுக்கு ஹெட் மாற்றும் செலவு, புதுப் பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம். டோனரோ ரிப்பனோ கிடைக்கிற லேசரும் டாட் மேட்ரிக்ஸும் சோதனைப் பக்கத்தைச் சுத்தமாக அடித்தால் விடாதீர்கள்.

தூக்கிப் போடுவதாக இருந்தால் நம் கீழ்த்தளக் குப்பைத் தொட்டியில் வேண்டாம். பிரிண்டரும் அதன் கார்ட்ரிட்ஜும் மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய மின்னணுக் கழிவு விதிகள்படி, அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கும் உண்டு. வைஃபை உள்ள பிரிண்டர் என்றால் கொடுப்பதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இருக்கும்.

வீட்டில் பிரிண்டர் எதற்கு, ஜெராக்ஸ் கடை இருக்கிறதே என்றும் ஒருவர் கேட்டார். பேரனின் ஹால் டிக்கெட்டுக்கு ஜெராக்ஸ் கடை போதும். ஆதார், வில்லங்கச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட் இவற்றை முன்பின் தெரியாத கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அடித்து முடித்த பிறகும் அந்தக் கோப்பு அங்கேதான் கிடக்கும். வேறு வழியில்லாமல் ஆதார் கொடுக்க வேண்டி வந்தால், முதல் எட்டு எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை இறக்கிக் கொடுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் ஒரு நோட்டு போடுவோம். யார் வீட்டில் என்ன பிரிண்டர், என்ன மாடல், எந்த விண்டோஸ், எந்த டிரைவர் ஓடியது என்று ஒவ்வொரு வரி. டிரைவர்கள் அடங்கிய ஒரு பென் டிரைவும் அந்த நோட்டோடு இருக்கட்டும். ஒரே மாடல் நான்கு வீடுகளில் இருக்கும்போது, முதல் வீட்டுக்காரர் பட்ட பாட்டை மற்ற மூவரும் படத் தேவையில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் பிரிண்டர் மக்கர் செய்தால், கூகுளுக்குப் போவதற்கு முன் இன்டர்காமில் என்னைக் கூப்பிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல், மதியத் தூக்கத்துக்கு முன் எந்த நாளானாலும் வருகிறேன். கட்டணம் ஒரு டம்ளர் காபி, சர்க்கரை இல்லாமல்.